பிளாஸ்டிக் அண்ணையும் பேஸ்போல் அட்டைகளும்

தொண்ணூறுகளில் பலேர்மோ நகரத்தில் இருந்த தமிழர்களிடம் பிளாஸ்டிக் அண்ணை உறை போடாத பொருள் என்று ஒன்றுமே கிடையாது. பிறப்புச் சான்றிதழ், ஞானஸ்நான அட்டை, சாதகக் குறிப்பு, தடுப்பூசி அட்டை, பிள்ளையார் படம், மாதா படம் என்று எல்லாவற்றையும் லமினேட் செய்து மழைக்கும் வெயிலுக்கும் அஞ்சாதவையாக ஆக்கி வைத்திருந்தார். மிச்சம் விட்டது எங்களை மட்டும்தான். அதுவும் அந்த மெஷினின் வாய்க்குள் நாங்கள் நுழைய மாட்டோம் என்ற ஒரே காரணத்தால்.

அவருக்கும் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதை கெஸ்தூரா என்று நாங்கள் சொல்லும் பொலிஸ் விசா அலுவலகத்தில் மட்டும் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிற விதத்தில் அது தன்னுடைய பெயர்தான் என்று அவருக்கே விளங்காது. பக்கத்தில் இருப்பவர் இடித்து எழுப்ப வேண்டும்.

நாங்கள் ஐந்தாறு பேர் கபோ சந்தையில் ஒரு மாடி வீட்டில் இருந்தோம். கீழே மீன்கடை. மீன்காரர் விடியற்காலையில் போடுகிற சத்தத்தில்தான் எங்கள் எல்லோருக்கும் விடியும். அந்த வீட்டுக்கு ஒரு நாள் பிளாஸ்டிக் அண்ணை தோளில் ஒரு பெரிய இரும்புச் சாமானைச் சுமந்துகொண்டு மூச்சு வாங்க ஏறி வந்தார். கொப்பி பென்சில் விற்கும் கடையொன்றை மூடிவிட்டார்களாம். கடைக்காரர் போகிற போக்கில் தந்தாராம். தையல் மெஷினை விடப் பெரிது. இரண்டு சூடான உருளைகள், நடுவில் ஒரு வாய். கடுதாசியைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் பளபளவென்று வெளியே வரும்.

அன்றைக்கே எங்கள் நிம்மதி போயிற்று. மெஷின் சூடாகத் தொடங்கினால் வீட்டுக் கரண்ட் நின்றுவிடும். சோறு அரை அவியலில் கிடக்கும். மன்னார் அந்தோனி சவர்க்காரம் போட்ட முகத்தோடு குளியலறைக்குள் இருந்து கத்துவான்.

"அண்ணை, சுடுதண்ணி நிண்டு போச்சு!"

"கொஞ்சம் பொறு தம்பி. அந்தோனியாருக்குத்தான் உறை போடுறன். உன்ரை புனிதரெல்லோ!"

தன்னுடைய புனிதர் என்றதும் அந்தோனி வாயை மூடிக்கொண்டு பச்சைத் தண்ணீரில் குளிப்பான்.

அண்ணையின் கைவரிசையில் சில விபத்துகளும் நடந்தன. பஸ் டிக்கெட் கசங்கிப் போகிறது என்று புது டிக்கெட் ஒன்றுக்கு உறை போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பஸ்ஸுக்குள் முத்திரை குத்தும் பெட்டியில் அது நுழையவில்லை. பரிசோதகர் ஏறினார். அண்ணை பெருமையோடு எடுத்து நீட்டினார். அந்த மனிதர் அதை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், விரல் நகத்தால் சுரண்டினார். கடைசியில் இறங்கும்போது அண்ணையின் தோளில் தட்டிவிட்டுப் போனார். பைத்தியக்காரரிடம் தண்டம் அறவிட அவருக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. அண்ணை எங்களிடம் வந்து, "மனுசன் பாராட்டிப்போட்டுப் போறான்" என்றார்.

பெர்மெஸ்ஸோ என்கிற விசா அட்டைக்கும் உறை போட்டார். புதுப்பிக்கக் கொண்டுபோனபோது அதிகாரி ஓங்கிக் குத்திய முத்திரை பிளாஸ்டிக்கில் வழுக்கிக்கொண்டு போய் அவருடைய சொந்தச் சட்டைக் கையிலேயே பதிந்தது. அதற்குப் பிறகு பெர்மெஸ்ஸோவை மட்டும் நாங்கள் அண்ணையின் கண்ணில் காட்டுவதே இல்லை. தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுப்போம்.

கறிவேப்பிலைக் கதையையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்தில் பலேர்மோவில் கறிவேப்பிலை என்பது கண்ணால் காணாத சாமான். யாராவது கொழும்பிலிருந்து வரும்போது ஒரு பிடி கொண்டு வந்தால் அந்த வீட்டுக்கு உறவினர்கள் திடீரென்று கூடிவிடுவார்கள். அப்படி வந்த ஒரு பிடியில் தன் பங்காகக் கிடைத்த ஒரு இணுக்கை அண்ணை தாளிக்கவில்லை. உறை போட்டுவிட்டார்.

"சமைச்சா ஒரு நாளோடை சரி. இப்பிடி வைச்சா எண்டைக்கும் இருக்கும்."

"மணக்காதே அண்ணை!"

"பாக்கலாமெல்லோ."

இவ்வளவுக்கும் சிரித்தோமே தவிர, ஏன் இந்த மனிதருக்கு இப்படி ஒரு பிளாஸ்டிக் பித்து என்று நாங்கள் கேட்டதில்லை. அவருடைய தலைமாட்டில் ஆணியில் தொங்கிய படத்தைப் பார்த்தால் கேட்கத் தேவையும் இல்லை. அது அவருடைய கலியாணப் படம். ஊரைவிட்டு இடம்பெயர்ந்த நாளில் கொட்டிய மழையில் அவர்களுடைய கடுதாசிப் பெட்டி ஊறிவிட்டது. படத்தில் அண்ணை தலைநிறைய மயிரோடு மாப்பிள்ளையாக நிற்பார். பக்கத்தில் கூறைச் சேலையும் மாலையும் இருக்கும். அதற்கு மேலே, முகம் இருக்க வேண்டிய இடத்தில், வெள்ளையாக ஒரு திட்டு மட்டும்தான். மழை கொண்டுபோன மிச்சத்துக்குத்தான் அண்ணை முதன்முதலில் உறை போட்டார்.

அந்த முகத்துக்கு உரியவர் புவனேஸ் அக்கா. கொழும்பில் ஒரு அறையில் இருந்துகொண்டு அண்ணை கூப்பிடும் நாளுக்காகக் காத்திருந்தார். மனைவியைக் கூப்பிட அண்ணைக்கு ஒழுங்கான வேலை வேண்டும், அந்த வேலைக்கு ஒப்பந்தம் வேண்டும். அந்த ஒப்பந்தம் இருந்தது அண்ணை வீட்டுவேலை செய்த சிஞ்ஞோரா கொஞ்செத்தா என்ற கிழவியின் கையில். விண்ணப்பம் உள்ளே போய்விட்டது. பதில் வரும்வரைக்கும் வேலை கையைவிட்டுப் போகக்கூடாது. அண்ணை காலையில் பிள்ளையாரைக் கும்பிடும்போது தனக்கென்று ஒன்றும் கேட்கமாட்டார். "சிஞ்ஞோராவை நல்லா வைச்சிரு" என்று மட்டும்தான் கேட்பார்.

சிஞ்ஞோரா கொஞ்செத்தா தனிக்கட்டை. பெரிய வீடு, உயர்ந்த கதவுகள், எந்நேரமும் பாதி மூடிய ஜன்னல்கள். அவர் சிசிலியனில் ஏசுவார். அண்ணை யாழ்ப்பாணத் தமிழில் பதில் சொல்லுவார். இருவருக்கும் மற்றவருடைய மொழி தெரியாது என்பதால் ஒரு சண்டைகூட இடையில் நின்றது கிடையாது. உப்புக் கூடிவிட்டது என்று அவர் கத்துவார். "உப்பு இல்லாமல் திண்டா உடம்பிலை என்ன தெம்பு?" என்று இவர் கத்துவார். பிறகு இருவரும் ஒரே மேசையில் இருந்து அதையே சாப்பிடுவார்கள்.

கிழவியிடம் ஒரு பழைய பிஸ்கட் தகரப் பெட்டி இருந்தது. அவருடைய தமையன் நீனோ, இளந்தாரி வயதில் பலேர்மோ துறைமுகத்தில் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனவர். அங்கே சுவிங்கம் வாங்கினால் பக்கெட்டுக்குள் பேஸ்போல் வீரரின் படம் அச்சிட்ட ஒரு அட்டை இருக்குமாம். நீனோ சுவிங்கத்தைத் தான் தின்றுவிட்டு அட்டையை மட்டும் தங்கச்சிக்குத் தபாலில் அனுப்புவார். அப்படி வருடக்கணக்கில் வந்த அட்டைகள்தான் அந்தப் பெட்டி நிறைய. நீனோ திரும்பி வரவே இல்லை. அங்கேயே காலமாகிவிட்டார். கிழவி இடைக்கிடை பெட்டியைத் திறந்து அட்டைகளை மூக்கோடு பிடித்துப் பார்த்துவிட்டு மூடி வைப்பார்.

அண்ணை ஒரு நாள் அதில் ஒன்றை எங்களுக்கு விவரித்தார். "தொப்பி போட்டிருக்கிறான். கையிலை கட்டை. வாயுக்கை என்னவோ அதக்கி வைச்சிருக்கிறான். இது எங்கடை எல்லே விளையாட்டுத்தான். ஆனா கட்டை பிடிக்கிற விதம் சரியில்லை." பள்ளிக்கூடத்தில், கட்டையால் பந்தை அடித்து ஓடுகிற அந்த எல்லே விளையாட்டில் அணிக்கு விளையாடியவர் என்பதால் அமெரிக்க வீரர்களில் ஒருவரைக்கூட அவர் அங்கீகரிக்கவில்லை. ஒருவனைப் பற்றி மட்டும் கொஞ்சம் நல்லதாகச் சொன்னார். அவனுக்குக் காது பெரிது. "பாவம், காத்துக்குத் தொப்பி பறக்காது."

இந்த நேரத்தில்தான் கிழவியின் தங்கை மகன் பப்ரீட்சியோ வந்து சேர்ந்தான். கோட்டுச் சூட்டு, வாசனைத் தைலம், வாரத்துக்கு ஒரு முறை ஐந்து நிமிடப் பாசம். எங்கேயோ ஒரு சஞ்சிகையில் பழைய பேஸ்போல் அட்டைகளைக் கொள்ளை விலைக்கு விற்கிறார்கள் என்று வாசித்துவிட்டான். நாப்போலியிலிருந்து ஒரு வியாபாரியைக் கப்பலில் வரச்சொல்லி ஏற்பாடும் செய்துவிட்டான். கிழவியிடம் கேட்டானா என்றால் இல்லை. அண்ணையைப் பிடித்துப் பெட்டியைக் காட்டி, கைகால் ஆட்டி, விரல் மடக்கி, கண்ணை உருட்டி விளங்கப்படுத்தினான். வியாபாரி சனிக்கிழமை வருவார். அதுவரைக்கும் இதைக் கண்ணுக்குள் வைத்துக் காக்க வேண்டும். பெட்டி வீட்டுக்கு வெளியே போகக்கூடாது. தண்ணீர் படக்கூடாது, தூசு படக்கூடாது. அட்டைக்கு ஏதாவது நடந்தால் உனக்கு இந்த வீட்டில் வேலை இல்லை.

உங்களுக்கு விளங்கியிருக்கும். தண்ணீர் படாமல், தூசு படாமல், எண்டைக்கும் இருக்கும்படி ஒரு கடுதாசியைக் காப்பாற்ற வேண்டும் என்று உலகத்திலேயே அந்த ஒரு மனிதரிடம் போய்ச் சொன்னால் அவர் என்ன செய்வார்?

பெட்டி வெளியே போகக்கூடாது என்பதால் மெஷின் பெட்டியிடம் போனது. அடுத்த நாள் அண்ணை அதைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சிஞ்ஞோரா படுத்ததும் குசினி மேசையில் கடையை விரித்தார். அட்டைகள் சில கொஞ்சம் கோணலாக இருந்தனவாம். எல்லாவற்றையும் ஒரே அளவாகக் கத்தரிக்கோலால் ஓரம் வெட்டினார். பிறகு உறை. பிளாஸ்டிக் மூலை குத்தினால் கிழவிக்குக் கை கீறும் என்று நாலு மூலையையும் வட்டமாக வெட்டிவிட்டார். அன்று மாலை வீட்டுக்கு வந்து சொன்னார்:

"இடையிலை சிஞ்ஞோரா எழும்பி வந்திட்டா. ஏசப்போறா எண்டு பாத்தன். ஒண்டும் கதைக்கேல்லை. கதிரையை இழுத்துப் போட்டு முடியுமட்டும் பக்கத்திலையே இருந்தவ. கண்ணாலை தண்ணி வேறை. பிளாஸ்டிக் புகை கண்ணுக்கு ஒத்துக்கொள்ளேல்லைப் போலை."

நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

வியாழக்கிழமை பப்ரீட்சியோ தொலைபேசியில் கூப்பிட்டிருக்கிறான். அண்ணை காதில் விழுந்த இத்தாலியச் சொற்களை அப்படியே எங்களிடம் வந்து ஒப்புவித்தார். ஒவ்வொன்றாக நான் தமிழில் சொல்லச் சொல்லத்தான் அவருக்கே அர்த்தம் விளங்கியது. "வாற ஆள் வெள்ளைக் கையுறை போட்டுத்தான் தொடுவாராம். அட்டையை வெறுங்கையாலை தொட்டாலே விலை குறையுமாம். ஓரம் அச்சடிச்சபடி இருக்கவேணுமாம். மூலை நாலும் ஊசி மாதிரிக் கூரா..." அந்த இடத்தில் அண்ணையின் வாய் நின்றுவிட்டது. இரண்டு கைகளையும் காற்றில் வைத்து வட்டமாக வெட்டுவது போல ஒருமுறை அசைத்தார். பிறகு பாயில் இருந்துவிட்டார்.

"தம்பி, புவனேஸின்ரை விசா..." என்றார்.

அந்த வீட்டில் அதுவரைக்கும் அண்ணையைப் பார்த்துச் சிரிக்காதவர் ஒருவரும் இல்லை. அன்று ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. எப்படியாவது உறையைக் கழற்ற வேண்டும் என்று ஆளாளுக்கு வைத்தியம் சொன்னோம். வெள்ளிக்கிழமை அண்ணை சோதனைக்காக ஒரே ஒரு அட்டையைச் சட்டைப் பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்தார். அந்தப் பெரிய காதன்தான். அந்தோனி கீழே போய் மீன்காரரிடம் ஐஸ் வாங்கி வந்தான். ஐஸில் வைத்தோம், மீன் மணம் மட்டும் ஏறியது. அயன் பெட்டியால் தேய்த்தோம், பிளாஸ்டிக் இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொண்டது. அடுப்பில் பிட்டு அவிந்துகொண்டிருந்தது. கடைசியாக அந்த நீத்துப்பெட்டியின் ஆவியில் காட்டினால் இளகும் என்று நான்தான் சொன்னேன். இளகத்தான் செய்தது. அண்ணை மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உரித்தார். காதும் முகமும் பிளாஸ்டிக்கோடு வந்தன. தொப்பியும் கட்டையும் அட்டையோடு நின்றன.

"செத்தான்" என்றான் அந்தோனி. சிலுவை வேறு போட்டுக்கொண்டான். அண்ணை அவனை முறைத்துப் பார்த்தார்.

சனிக்கிழமை மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சிஞ்ஞோராவின் வீட்டு விறாந்தையில் பப்ரீட்சியோ குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தான். வியாபாரி இரவுக் கப்பலில் வந்தவர். கடல் ஒத்துக்கொள்ளாமல் முகம் பச்சையாக இருந்தது. கிழவி ஜன்னலோரக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். அங்கே நடந்ததை, அண்ணைக்கு நான் சொன்ன தமிழிலேயே உங்களுக்கும் சொல்கிறேன். அதனால் இத்தாலியர்கள் யாழ்ப்பாணத் தமிழ் கதைப்பது போலத் தோன்றினால் குற்றம் என்னுடையது.

வியாபாரி வெள்ளைக் கையுறையை மெதுவாக மாட்டினார். பூதக்கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். தகரப் பெட்டியின் மூடியைத் திறந்தார். அண்ணை போட்ட உறை ஜன்னல் வெளிச்சத்தில் பளிச்சென்று மின்னியது. வியாபாரி ஒன்றை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார், அடிப்பக்கத்திலிருந்து ஒன்றை உருவினார். பிறகு கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார்.

"ஆர் செய்தது?" என்றார்.

அண்ணை ஒரு அடி முன்னால் வந்தார். "நான்தான். ஒண்டும் ஆகாமல் வைக்கச் சொன்னவை."

வியாபாரி கதிரையில் சாய்ந்துகொண்டார். அவருக்குக் கோபம் வரவில்லை. ஆசுபத்திரியில் கெட்ட செய்தி சொல்லும் டொக்டரின் குரலில் பேசினார். "இதுகள் ஏன் விலைபோகுது தெரியுமோ? அமெரிக்காவிலை எல்லாப் பெடியளும் இதை வைச்சிருந்தவங்கள். பெடியள் வளர, தாய்மார் எல்லாரும் குப்பையிலை எறிஞ்சு போட்டினம். தப்பினது கொஞ்சம். அதிலையும் மூலை கூரா, அச்சடிச்சபடியே தப்பினது இன்னும் கொஞ்சம். கிடைக்காது, அதுதான் விலை."

அண்ணை நெற்றியைச் சுருக்கினார். "அப்ப எல்லாரும் கவனமா வைச்சிருந்தா?"

"ஒரு சதத்துக்கும் போகாது."

"எறிஞ்சதாலைதான் விலையோ?"

"ஓம்."

அண்ணை கொஞ்ச நேரம் யோசித்தார். "ஐயாவிட்டைக் கேள் தம்பி, இப்பிடி உறை போட்ட அட்டை உலகத்திலை வேறை எங்கையும் இருக்கோ?"

கேட்டேன். வியாபாரி கண்ணை மூடிக்கொண்டார். "இல்லை. புத்தி உள்ளவன் எவனும் செய்யமாட்டான்."

"ஒண்டுமே இல்லையோ?"

"ஒண்டுமே இல்லை."

"அப்ப இதுதானே எல்லாத்தையும் விட அருமையானது?"

நான் மொழிபெயர்த்தேன். வியாபாரி பூதக்கண்ணாடியை எடுத்து அட்டையை இன்னொருமுறை பார்த்தார், பிறகு ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்டார். பப்ரீட்சியோ அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். "விலை சொல்லுங்கோ" என்றான். வியாபாரி தலையை ஆட்டினார். "நடைபாதையிலை விரிச்சாலும் போகாது" என்றார்.

அதோடு பப்ரீட்சியோ வெடித்தான். எந்த மொழியிலும் மொழிபெயர்ப்புத் தேவைப்படாத சொற்கள். கதவைக் காட்டினான். இன்றைக்கே போ, ஒப்பந்தத்தைக் கிழித்துவிடுவேன், கெஸ்தூராவுக்கும் அறிவிப்பேன் என்றான். அண்ணை அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "தம்பி, கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லு. விசா வருமட்டும். பிறகு நானே போறன். சம்பளம் வேண்டாம் எண்டு சொல்லு." அவர் அப்படிக் கெஞ்சி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். நான் அதை மொழிபெயர்க்கத் தொடங்கினேன்.

"பப்ரீட்சியோ" என்றார் சிஞ்ஞோரா.

கிழவி தூங்கவில்லை. கையை நீட்டினார். அண்ணை ஓடிப்போய் ஒரு அட்டையைக் கொடுத்தார். கிழவி அதை மூக்கருகே கொண்டுபோனார். பிளாஸ்டிக்தானே, என்ன மணக்கும்? மடியில் வைத்துக்கொண்டு வழுவழுப்பைத் தடவினார்.

"நீனோ எனக்கு அட்டையை மட்டும்தான் அனுப்பினவன்" என்றார். "சுவிங்கத்தைத் தானே திண்டு போடுவான், கள்ளன். சின்னனிலை நான் இந்த அட்டையளை மணந்து மணந்து பாத்து, அது எப்பிடி இருந்திருக்கும் எண்டு யோசிப்பன். சாதுவா ஒரு மணம் இருக்கும். வரவர அதுவும் இல்லாமல் போட்டுது. அண்டைக்கு மத்தியானம் நித்திரையிலை கிடக்கிறன், வீடு முழுக்க இனிச்ச மணம். பெப்பர்மிண்டும் சீனியும் மாதிரி. நீனோ வந்திட்டான் எண்டு நினைச்சு எழும்பி ஓடினன்."

அந்தப் பழைய அட்டைகளில் ஒட்டிக்கிடந்த சுவிங்கம், சூடான உருளைக்குள் போனதும் மணத்தை விட்டிருக்கிறது. பிளாஸ்டிக் புகையால் வந்தது என்று நாங்கள் நினைத்த கண்ணீருக்குக் காரணம் அதுதான்.

கிழவி தங்கை மகன் பக்கம் திரும்பினார். "பெட்டி ஆற்றை?"

"உங்கடை, பெரியம்மா. ஆனா..."

"வீடு ஆற்றை?"

"உங்கடை."

"அப்ப இந்த மனுசன் இஞ்சைதான் நிப்பார். இன்னும் ஒரு சொல்லுக் கதைச்சாய் எண்டால் உன்ரை வாய்க்கும் உறை போடச் சொல்லுவன்."

நான் இதை அண்ணைக்கு மொழிபெயர்த்தபோது அவர் பப்ரீட்சியோவின் வாயை ஒருமுறை அளவெடுப்பது போலப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், உறையின் அளவைத்தான் யோசித்தார்.

வியாபாரியைக் கீழே வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். வாசலில் நின்று என் கையைப் பிடித்தார். "அந்த மனுசனை ஒருநாளும் மியூசியத்துக்குள்ளை விட்டிடாதேங்கோ" என்றார்.

முகம் போன பெரிய காதனை அண்ணை செய்ததை ஒப்புக்கொண்டு சிஞ்ஞோராவிடமே கொடுத்துவிட்டார். இரண்டு பாகத்தையும் சேர்த்து வைத்து மறுபடி உறை போட்டிருந்தார். முகம் கொஞ்சம் விலகித்தான் நின்றது. சிஞ்ஞோரா அதையே எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அதைப் பார்த்து அவருக்கு ஒரு சிரிப்பு வருமாம்.

புவனேஸ் அக்காவின் விசா வந்தது. விமான நிலையத்துக்கு நானும் அந்தோனியும் துணைக்குப் போனோம். பயணிகள் வெளியே வரும் வாசலில் ஹோட்டல்காரர்கள் பெயர் எழுதிய பலகைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு நடுவே பிளாஸ்டிக் அண்ணை, புதுச் சேர்ட், வழுக்கைத் தலையில் தண்ணீர் தொட்டுச் சீவிய நாலு மயிர், இரண்டு கையாலும் தலைக்கு மேலே உயர்த்திய அந்தக் கலியாணப் படம். அந்தோனி எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்தான்.

அக்கா வந்தார். மெலிந்த, உயரமான பெண். தள்ளுவண்டியை நிறுத்திவிட்டுப் படத்தைப் பார்த்தார்.

"என்னப்பா இது? இதிலை என்ரை முகமே இல்லை. இதை வைச்சு என்னை எப்பிடிக் கண்டுபிடிப்பியள்?"

"உம்மடை முகம் எனக்குத் தெரியும்" என்றார் அண்ணை. "உமக்கு என்னை அடையாளம் தெரியோணுமெண்டுதான் கொண்டுவந்தனான். தலைமயிர் போட்டுதெல்லோ."

அக்கா அவருடைய தலையைப் பார்த்தார். முதலில் சிரித்தார், பிறகு அழுதார், பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தார். நானும் அந்தோனியும் திரும்பி நின்று விமானங்களைப் பற்றிக் கதைத்தோம். இரண்டு பேருக்கும் விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.

அக்கா ஒரு பை நிறையக் கறிவேப்பிலை கொண்டுவந்திருந்தார். நாங்கள் எல்லோரும் அண்ணையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் பையைத் திறந்தார், முகர்ந்தார், அப்படியே அக்காவிடம் திருப்பிக் கொடுத்தார். அன்று முழுவதையும் தாளித்தோம். கீழே மீன்காரர் கூவுவதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மொண்டெல்லோ கடற்கரையில் அவர்கள் இருவரையும் நிறுத்தி நான் ஒரு படம் எடுத்தேன். காற்றுக்குச் சேலைத் தலைப்பு பறக்க, அக்காவின் முகம் தெளிவாக, முழுதாக விழுந்திருந்தது. ஸ்டூடியோவில் கழுவிக் கொண்டுவந்து கொடுத்த படம் நாட்கணக்காக மேசையில் வெறுமனே கிடந்தது. அதன்மேல் யாரோ தேத்தண்ணீர்க் கோப்பையைக்கூட வைத்திருந்தார்கள். என்னால் பொறுக்க முடியவில்லை.

"அண்ணை, இதுக்கு உறை போடேல்லையோ?"

அண்ணை குசினிப் பக்கம் பார்த்தார். உள்ளே அக்கா யாரையோ ஏசிக்கொண்டிருந்தார். அந்தோனியாகத்தான் இருக்கும்.

"ஏன் தம்பி?" என்றார். "ஆள் வீட்டிலைதானே நிக்கிறா."

பிறகு அவர்கள் வேறு நாட்டுக்குப் போய்விட்டார்கள். மெஷினை அண்ணை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். எப்போதோ பழுதாகிவிட்டது. வீடு மாறும்போதெல்லாம் தோளில் சுமந்துகொண்டு மாடி ஏறுகிறேன். எறியச் சொல்லி மனைவி நச்சரிக்கிறாள். அந்த நாப்போலி வியாபாரி சொன்னபடி பார்த்தால், எல்லோரும் எறிந்துவிட்ட சாமானுக்குத்தான் விலை. எனக்கு இதை விற்கிற எண்ணமே இல்லை.